பதினோரு கடிதங்கள்

போன வாரம் கிளிஃபோர்ட் ஹாப்டேயை அவருடைய படிப்பறையில், கையில் அந்தக் கெட்டி உறையோடு நிற்க வைத்துவிட்டுப் போயிருந்தேன். "பாவம், வயசானவர், எத்தனை நேரம்தான் நிற்பார்?" என்று ஒரு வாசகி கோபமாகவே எழுதியிருந்தார். கடிதம் வந்ததிலிருந்து மூன்று வாரமாக நிற்கிறார், அம்மா. இன்று வியாழக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் போயாக வேண்டும். அதனால் இன்று நகர்ந்துதான் ஆக வேண்டும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. கிளிஃபோர்ட் லண்டனில் முப்பத்துநாலு அடுக்குமாடிகள் கட்டியவர். வயது அறுபத்தொன்பது. அவருக்கு 'சர்' பட்டம் தரலாம் என்று மேலிடத்தில் யோசிக்கிறார்கள். தந்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டு வந்த கடிதம் அது. இங்கே பழக்கம் அப்படித்தான். முதலில் காதோடு காதாகக் கேட்பார்கள். நீங்கள் சரி என்ற பிறகுதான் ஊருக்குச் சொல்வார்கள். அதுவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கடிதத்திலேயே போட்டிருக்கும். கிளிஃபோர்ட் அன்றைக்கே மனைவி ரோசலின்டிடம் சொல்லிவிட்டார்.

பட்டத்துக்குக் காரணம் என்று போட்டிருந்தது: 'வீட்டு வசதிக்கு ஆற்றிய சேவைக்காக'.

அந்த ஒரு வரிதான் மனிதரைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது.

"கிளிஃப், அந்தப் படிவத்துல ரெண்டே ரெண்டு கட்டம். ஒண்ணுல டிக் பண்ணணும். அதுக்கு மூணு வாரமா?" என்றார் ரோசலின்ட், காலை டோஸ்ட்டில் ஆரஞ்சு மார்மலேடைத் தடவிக்கொண்டே.

"பண்றேன்."

"எப்ப?"

"பெரிலைப் பார்த்துட்டு வந்து."

ரோசலின்ட் கத்தியைக் கீழே வைத்தார். "எட்டு மாசமாப் போகாத அக்கா வீட்டுக்கு இன்னிக்குத்தான் போகணுமா?"

"அவ கூப்பிட்டா. நாலு மணிக்கு டீ."

"எட்டு மாசமாத்தான் கூப்பிடறா."

ரோசலின்டே தொடர்ந்தார். "பட்டம் குடுக்கற அன்னிக்கு அரண்மனைக்குப் போட்டுட்டுப் போக எனக்குத் தொப்பி வாங்கியாச்சு. எதுக்குன்னு கடைக்காரி கேட்டா, கல்யாணத்துக்குன்னு சொல்லி வெச்சேன். நீ பாட்டுக்கு வேண்டாம்னு எழுதிட்டா நான் யாருக்காவது கல்யாணம் பண்ணி வெக்கணும்."

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் ரோசலின்ட் இருபது வயதில் பேங்க் கவுன்ட்டரில் நின்றவர். "ஏம்மா பொண்ணு" என்று விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டவர்களை மறக்காதவர். கிளிஃபோர்ட் 'சர்' ஆனால் இவர் 'லேடி ஹாப்டே'. அந்த ஆசை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நமக்கும் இருக்கும்.

கிளிஃபோர்டுக்கு ஆசை இல்லையா? ஆசை இல்லாமலா மூன்று வாரம் அந்தக் கடிதத்தைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார்?

அவருடைய அப்பா செங்கல் சுமந்தவர். பெர்மண்ட்சியில் டானர்ஸ் கோர்ட் என்று கவுன்சில், அதாவது உள்ளூர் நகராட்சி, குறைந்த வாடகைக்குக் கட்டிய ஆறு மாடிக் குடியிருப்பு. அதில் இரண்டு அறை வீட்டில் கிளிஃபோர்ட் பிறந்தார். பத்தொன்பது வயதில், மூடிக் கிடந்த ஒரு மீன் கடையைச் சல்லிசாக வாங்கி, வாடை போக ஒரு மாதம் கழுவி, மேலே இரண்டு வீடு போட்டு விற்றார். அப்புறம் ஆற்றங்கரையில் எலி ஓடிய கிடங்குகள். யாரும் சீந்தாத காலத்தில் வாங்கி, எல்லாரும் அடித்துக்கொண்ட காலத்தில் விற்றார். அதெல்லாம் நாலாவது அத்தியாயத்திலேயே பார்த்துவிட்டோம்.

கடைசியில் கவுன்சில் டானர்ஸ் கோர்ட்டையே இடித்துக் கட்ட இவரிடம் கொடுத்தபோது, கிளிஃபோர்ட் அங்கிருந்த சமூகக் கூடத்தில் நின்று, தன்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்களிடம் சொன்னார்: "ஒருத்தரையும் ஊரை விட்டு அனுப்ப மாட்டேன். இதே இடத்துல, புதுசா வரப்போற அதே கட்டடத்துல, எல்லாருக்கும் வீடு."

நம்பினார்கள். பெரிலின் தம்பி சொல்கிறான் என்பதால் நம்பினார்கள். பெரில் அங்கேயே இருந்தவர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறியவர். தம்பி பணக்காரன் ஆனபோது, "எனக்கு வேற வீடு எதுக்குடா? இங்கதான் எல்லாரும் இருக்காங்க" என்று நகர மறுத்தவர்.

இப்போது அந்த இடத்தில் இருபத்திரண்டு மாடி நிற்கிறது. பழைய ஆட்களுக்கு வீடு கிடைத்து எட்டு மாதம் ஆகிறது.

கிளிஃபோர்ட் காரைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லி, எலுமிச்சை கேக் பெட்டியோடு நடந்து போனார். முன்வாசல் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே பளிங்குத் தரை, உயரமான ஜாடியில் வெள்ளைப் பூக்கள், ஏதோ விலை உயர்ந்த வாசனை. மேசைக்குப் பின்னால் டை கட்டிய ஒருவர். அவர் தலைக்கு மேலே சுவரில் கிளிஃபோர்டின் படம், இருபது வயது குறைவாக.

"பெரில் கட்லர் வீடு. ஆறாவது மாடி," என்றார் கிளிஃபோர்ட்.

மேசைக்காரர் திரையைப் பார்த்தார். "அப்படி யாரும் இல்லையே... ஓ, அவங்களா? அந்தப் பக்கம் சார். வெளியில போயி இடது பக்கம் சந்து. குப்பைத்தொட்டிக் கூண்டைத் தாண்டினா ஒரு சாம்பல் நிறக் கதவு வரும்."

"இங்கேருந்து போக முடியாதா?"

"வழி கிடையாது சார். நடுவுல சுவர்." பிறகு, இவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னார்: "நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. எல்லாரும் மொதத் தடவை இங்கதான் வருவாங்க."

கிளிஃபோர்ட் கேக் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். காது மடல் சுட்டது. தன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

அவருக்கு அந்தச் சுவர் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். அவர்தான் கையெழுத்துப் போட்டார்.

விற்பனைக்காரர்கள்தான் ஆரம்பித்தார்கள். கோடிகள் கொடுத்து வாங்குகிறவர்கள், கவுன்சில் வீட்டுக்காரர்களோடு ஒரே லிஃப்டில் போக விரும்ப மாட்டார்கள் என்றார்கள். கிளிஃபோர்டுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்தார். உடனே ஒருவர் வேறு விதமாகச் சொன்னார்: "முன்வாசல்னா பூ, மேசைக்காரர், வாசனை எல்லாத்துக்கும் மாசாமாசம் பராமரிப்புக் கட்டணம் வரும். உங்க பழைய ஆட்களால கட்ட முடியுமா? தனி வாசல் வெச்சா அவங்களுக்குத்தான் மிச்சம்."

முப்பது வருஷமாக இந்த ஊர்க்காரர்களோடு டீ குடித்து வருகிறேன். இவர்கள் ஒரு கெட்ட காரியத்தை அப்படியே செய்ய மாட்டார்கள். முதலில் அதற்குள் ஒரு நல்ல காரணத்தைத் தேடிப் பிடிப்பார்கள். கிடைத்ததும் நிம்மதியாகச் செய்வார்கள். கிளிஃபோர்டும் அந்தக் காரணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கையெழுத்தைப் போட்டார். பழைய ஆட்கள் குடிவந்த இந்த எட்டு மாதமும் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை.

சாம்பல் நிறக் கதவுக்குள் நுழைந்தால், லிஃப்ட் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பழுது. தேதி இரண்டு வாரத்துக்கு முந்தையது.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு கிழவர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சக்கரம் வைத்த காய்கறிப் பை. ஸ்டான் பெட்லி. ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். கிளிஃபோர்டைவிடப் பத்து வயது மூத்தவர்.

"அட, கிளிஃப்பா?" என்றார் ஸ்டான். "வா வா. உங்கக்கா இன்னிக்கு எங்க எல்லாரையும் டீக்குக் கூப்பிட்டிருக்கா. நீ வருவேன்னு சத்தியமே பண்ணினா."

எல்லாரையுமா? கிளிஃபோர்டுக்கு அது புதுச் செய்தி. பையின் கைப்பிடியைப் பிடித்தார். "குடுங்க, நான் தூக்கறேன்."

"நீ வேற. உனக்கு இடுப்பு ஆபரேஷன்னு பேப்பர்ல பார்த்தேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்போம்."

உருளைக்கிழங்கு கனத்தது. இரண்டு பேரும் படிப்படியாக ஏறினார்கள். ஐந்தாவது மாடியில் ஸ்டான் நின்றார். "ஆமா, உனக்கு அந்த விஷயம் இன்னும் ஒண்ணும் வரலையா? நாங்க எழுதிப் போட்டு ரெண்டு வருஷம் ஆகப்போகுதே."

"எந்த விஷயம்?"

ஸ்டான் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லல. பெரில் என்னைக் கொன்னுடுவா."

கிளிஃபோர்டுக்குப் புரிந்தது. இந்தப் பட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் எழுதிப் போடலாம். எழுதப்பட்டவருக்கு மட்டும் தெரியக் கூடாது. தன் கம்பெனியில் யாரோ, இல்லையென்றால் ரோசலின்டே ஏற்பாடு செய்திருப்பார் என்றுதான் மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பெரில் கதவைத் திறந்தார். நல்ல நீலச் சட்டை, உதட்டில் சாயம். எழுபத்துநாலு வயது. "கேக் எதுக்குடா? நான்தான் பண்ணியிருக்கேனே. ஸ்டான், நீங்க போயி உங்க மேவிஸைக் கூட்டிட்டு வாங்க. அரை மணி கழிச்சு வந்தாப் போதும்."

தம்பியை உட்கார வைத்தார். வீடு சின்னதாக, சுத்தமாக இருந்தது. பக்கத்து வீடுகளில் வாங்கிய நாற்காலிகளைச் சுவரோரமாகப் போட்டிருந்தார்.

"நீதானா எழுதிப் போட்டது?" என்றார் கிளிஃபோர்ட்.

பெரிலின் முகம் சிவந்துபோனது. "ஸ்டானுக்கு வாய் நிக்காது." அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். "நகல் எடுத்து வெச்சிருக்கேன். மொத்தம் பதினொண்ணு. என்னுது மொதல்ல. மத்ததுக்கு வீடு வீடாப் போனேன். கம்ஃபர்ட் ஆன்சாவோடதைப் படி, அவ நர்ஸா இருந்தவ, அழகா எழுதுவா."

கிளிஃபோர்ட் படித்தார். 'இவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். பணக்காரர்களையும் எங்களையும் பிரித்துப் பார்க்காதவர்.' புது வீட்டுக்கு வருவதற்கு முன் எழுதியது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

"அப்புறம் இங்க வந்தோம்," என்றார் பெரில். "அந்தக் கதவைப் பார்த்தோம்."

பெரில் நகல்களை வாங்கித் திரும்ப உறைக்குள் வைத்தார்.

"மேவிஸ் என்கூடப் பேசி எட்டு மாசம் ஆச்சுடா. அறுபது வருஷப் பழக்கம். புதன்கிழமை பிங்கோ ஆட்டத்துக்குப் போனா எனக்குப் பக்கத்து நாற்காலி காலியா இருக்கும். சண்டை போட்டாப் பரவால்ல. சிரிச்சுட்டு, வேற பக்கம் போயி உட்காருவாங்க. நான்தானே வாசல் வாசலா ஏறி இறங்கிக் கடிதம் வாங்கினேன்? தம்பிக்குப் பட்டம் வாங்கித் தர எங்களை ஏமாத்தினான்னு நெனைக்க மாட்டாங்களா?"

"பெரில்..."

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கிளிஃபுக்கு இது தெரியாது, அந்த ஆபீஸ்ல இருக்கற படிச்ச பசங்க பண்ணின வேலைன்னு. நான் சொன்னா நம்பல. நீ ஒரு தடவை உன் வாயால சொல்லிடு. எனக்குத் தெரியாம நடந்துபோச்சுன்னு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம் உன்கிட்ட."

அந்த நிமிஷமே கிளிஃபோர்ட் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா ஒருத்தர் காதில் மட்டும் விழுந்திருக்கும். அழைப்பு மணி அடித்தது.

ஏழு பேர் வந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். மூட்டு வலியைப் பற்றிப் பேசினார்கள். எந்த கேக் நன்றாக இருக்கிறது என்பதைப் பத்து நிமிஷம் பேசினார்கள். ஆறு மாடி ஏறி வந்த கம்ஃபர்ட் ஆன்சா காலைத் தடவிக்கொண்டாரே தவிர, லிஃப்ட் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. விருந்தாளியைச் சங்கடப்படுத்தக் கூடாதாம். மேவிஸ் மட்டும் கோட்டைக் கழற்றாமல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கிளிஃப் உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்னான்," என்றார் பெரில்.

எல்லாரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"அந்த வாசல் விஷயம்," என்றார் கிளிஃபோர்ட். அக்காவைப் பார்த்தார். பெரில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார். "அது எனக்கு... எனக்குத் தெரியாம நடந்துபோச்சு."

"பார்த்தியா, நான் சொல்லல?" என்றார் ஸ்டான் உடனே, மனைவி மேவிஸிடம். அறை முழுக்க ஒரு பெருமூச்சு. யாரோ இன்னொரு துண்டு கேக் கேட்டார்கள். மேவிஸ் எழுந்து பெரில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெரில் அழுதுவிட்டார்.

நாம் இங்கேயே கதையை முடித்திருக்கலாம். ரோசலின்டுக்குத் தொப்பியும் வீண் போயிருக்காது.

ஆனால் மேவிஸ் இவர் பக்கம் திரும்பினார். "உன்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும் கிளிஃப். உன்னைப் பத்தி நான் பேசாத பேச்சு இல்ல. வயசான காலத்துல புத்தி போனதைப் பாரு. மன்னிச்சுடுப்பா."

எண்பது வயது மனுஷி. இவர் சின்னப் பையனாக இருந்தபோது மூக்கைத் துடைத்துவிட்டவர். கிளிஃபோர்டுக்குக் கூசிப்போனது. தரையில் ஒரு பிளவு இருந்தால் அதற்குள் இறங்கியிருப்பார்.

"நீங்க கேக்கக் கூடாது," என்றார். "எனக்குத் தெரியும். நான்தான் கையெழுத்துப் போட்டேன். ரெண்டு வாசல், நடுவுல சுவர், எல்லாம் என் முன்னாடி வரைபடத்துல இருந்துச்சு. பார்த்துட்டுத்தான் போட்டேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கம்ஃபர்ட் ஆன்சா கோப்பையைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார். "மழை விட்ட மாதிரி இருக்கு," என்றார் ஒருவர். ஒவ்வொருவராக எழுந்தார்கள். "கேக் ரொம்ப நல்லா இருந்துச்சு பெரில்." "டீக்கு நன்றி பெரில்." மேவிஸ் பெரிலின் கையை விட்டுவிட்டு, கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். கடைசியாக ஸ்டான், தன் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பெரில் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு வாக்கியம் கேட்டேன் உன்கிட்ட," என்றார்.

"நீ பொய் சொல்லச் சொன்ன பெரில்."

"அது பொய்யுன்னு எனக்குத் தெரியாதே."

கிளிஃபோர்ட் தலையைக் குனிந்துகொண்டார். "கடிதம் வந்துடுச்சு. ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும். வேண்டாம்னு எழுதிடறேன்," என்றார்.

"எழுதிக்க. உனக்கு மனசு லேசாயிடும். நாளைக்குக் காலைல பால் வாங்க அந்தப் படியில நான் இறங்கணும். எதிர்ல மேவிஸ் ஏறி வருவா."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"சுவரை இடி."

"முடியாது பெரில். முன்பக்கம் வாங்கினவங்களுக்குத் தனி வாசல்னு ஒப்பந்தத்துலயே எழுதிக் கொடுத்திருக்கேன்."

"சரிதான். எங்களுக்கு வாயாலதானே சொன்ன."

கிளிஃபோர்டின் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். பழக்கதோஷத்தில் இப்போதும் போட்டார்.

"கிளிஃப், மணி ஆறாகப்போகுது, உன்னைக் காணோம்," என்றது ரோசலின்டின் குரல். "அந்தப் படிவம் உன் கம்ப்யூட்டர்ல திறந்தே கிடந்துச்சு. நானே அனுப்பிட்டேன். சம்மதம்னு டிக் பண்ணி, உன் பேரைப் போட்டு அனுப்பிட்டேன். கோச்சுக்காத. கேக்கறியா? கிளிஃப்?"

கிளிஃபோர்ட் போனை அணைத்தார். பெரில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசை முன்னால் உட்கார்ந்தார். ஒரு வெள்ளைத்தாளையும் உறையையும் எடுத்து வைத்தார்.

"உனக்கு வந்த கடிதத்துல விலாசம் இருக்குமில்ல? சொல்லு."

"எதுக்கு?"

"மொதல் கடிதம் என்னுது. அதைத் திருப்பி எடுத்துக்கறேன்னு எழுதணும். மத்த பத்து பேரும் எடுத்துக்கறதும் எடுத்துக்காததும் அவங்க இஷ்டம்."

கிளிஃபோர்ட் கோட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து விலாசத்தை வாசிக்கத் தொடங்கினார். பாதியில் அவர் குரல் கம்மிப்போனது. பெரில் காத்திருந்து பார்த்தார். பிறகு பேனாவைத் தம்பியிடம் நீட்டினார்.

"உறையை நீ எழுது. உள்ள வெக்கறதை நான் எழுதறேன்."

அவர் வாங்கிக்கொண்டார். ஒரு எழுத்து பிசகாமல், கொட்டை எழுத்தில், அஞ்சல் குறியீடு வரை எழுதி அக்காவிடம் கொடுத்தார்.